குட்டி வயலும் உலோக உழவு இயந்திரமும்: திருமலையில் முதன்முதலாகச் செய்யப்போகிறவர்களுக்கு

மேசையில் வைக்கிற குட்டி மாதிரியாக நான் செய்த முதல் வயலில், விவசாயி தன் மிசினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம். அவ்வளவு பெரிய ஆள், அவ்வளவு சின்ன உழவு இயந்திரம். இரண்டும் தனித்தனியே பார்க்க அழகுதான். ஒன்றாக வைத்தபோதுதான் பிழை தெரிந்தது. அதற்குள் ஆறு வாரமும் கணிசமான காசும் போயிருந்தன.

திருமலையில் (திருகோணமலையில்) எனக்குத் தெரிந்து இதற்கென்று ஒரு கடை இல்லை, பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆளும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் வருவது புல்வெளி, மரக் கொட்டகை, பனி. தம்பலகாமத்து வயலை நம் ஊர் உப்புக் காற்றில் வைத்துச் செய்கிறவருக்கு அவை பாதிதான் உதவும். மீதியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்களும் படவேண்டாம்.

1. முதலில் அளவு விகிதம்

பண்ணை மாதிரிகளில் அதிகம் புழங்குவது 1:32. பிரிட்டன்ஸ், சிகு போன்ற பெயர்களில் வரும் உலோக வார்ப்பு உழவு இயந்திரங்கள் பெரும்பாலும் இந்த அளவுதான். 1:64 இன்னும் சின்னது, 1:16 மேசையையே பிடித்துக்கொள்ளும்.

1:32 என்றால் நிஜத்தில் ஒரு மீற்றர், மாதிரியில் 31 மில்லிமீற்றர். 160 சென்ரிமீற்றர் உயர ஆள் 50 மி.மீ. விளைந்த நெல் 90 செ.மீ என்றால் 28 மி.மீ. நடந்து போகிற வரம்பு ஒரு சென்ரிமீற்றர் அகலம். 16 மீற்றர் தென்னை அரை மீற்றர் உயரம் வரும், ஆகவே முதல் வேலையில் தென்னையை மறந்துவிடுங்கள். ஒரு ஏக்கரை அப்படியே செய்ய நினைத்தால் பக்கத்துக்கு 2 மீற்றர் பலகை வேண்டும். நான் சொல்வது 40 க்கு 30 செ.மீ. பலகை. அதில் வயலின் ஒரு மூலைதான் அடங்கும், சுமார் 13 மீற்றருக்கு 10 மீற்றர். ஒரு வரம்பு, ஒரு வக்கடை (வரம்பில் தண்ணீர் போக விடும் வெட்டு), ஒரு மிசின், ஒரு ஆள். போதும்.

நான் விழுந்த குழி இதுதான்: துருப்பிடிக்காத உருக்குத் தகட்டில் வரும் மடிப்புக் கிட்கள் (துண்டுகளாக வாங்கி நாமே பூட்டுபவை) பலவற்றுக்கு ஒழுங்கான அளவு விகிதமே கிடையாது. தகட்டுக்குள் அடங்குகிற அளவில் வரைந்திருப்பார்கள். பெட்டியில் விகிதம் போட்டிருக்காவிட்டால் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். வழி இலேசானது. பக்கத்து வீட்டு அண்ணனின் மாஸி பெர்குசனின் பின்சக்கரத்தை நான் அளவு நாடாவால் அளந்தேன், மேலிருந்து கீழே கிட்டத்தட்ட 130 செ.மீ. என் கிட்டின் பின்சக்கரம் 26 மி.மீ. 1300 ஐ 26 ஆல் வகுத்தால் 50. ஆக என் மிசின் 1:50, என் வயலும் ஆளும் 1:32. கதை முடிந்தது. வாங்கும் முன் விற்பவரிடம் பின்சக்கரத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் கேளுங்கள். 40 மி.மீ என்று பதில் வந்தால் அது 1:32 க்குக் கிட்ட. வேறு எண் வந்தாலும் பரவாயில்லை, வயலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வண்டியை மாற்ற முடியாது, வயலை மாற்றலாம்.

2. எந்த வகைக் கிட்

மடிப்புத் தகட்டுக் கிட்: மெட்டல் எர்த் போன்றவை. பசை வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். தகட்டில் இருந்து வெட்டி, மடித்து, ஓரத்தில் நீட்டி நிற்கும் காதுகளைத் துளையில் செருகித் திருப்பிவிட வேண்டும். புதியவர்கள் இதில் தொடங்கலாம். ஒரு குறை: பளபளவென்று இருக்கும், சேற்றில் உழுகிற மிசின் மாதிரி இருக்காது. பிறகு பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும்.

வெள்ளை உலோக வார்ப்புக் கிட்: வெள்ளீயமும் பெரும்பாலும் ஈயமும் கலந்த பாரமான துண்டுகள். அராவி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். முடிந்ததும் நிஜம் போலவே இருக்கும். ஆனால் அராவும் தூளில் ஈயம் இருக்கலாம். முகக்கவசம் போட்டு, ஈரத் துணியில் தூளைத் துடைத்து, கையைக் கழுவிவிட்டுத்தான் சோற்றுக்கு உட்கார வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்யவே கூடாது. இரண்டாவது, மூன்றாவது வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டும் ஆணியும் போட்டுப் பூட்டும் கிட்: பிள்ளைகளுக்கு நல்லது. இப்படிக் காட்சியாக வைக்கும் மாதிரிக்கு (டயோரமா) எனக்குப் பிடிக்கவில்லை, ஓட்டையும் நட்டும்தான் கண்ணில் படும்.

3. ஓடர் கொடுப்பதும் பார்சல் எடுப்பதும்

வெளிநாட்டில் இருந்து எடுக்கிறீர்கள் என்றால் இவற்றைத் தயாராக வையுங்கள்: தேசிய அடையாள அட்டையும் அதன் ஒரு பிரதியும், விற்பவர் தந்த பில்லின் அச்சுப்பிரதி, அட்டையில் காசு கழிந்ததைக் காட்டும் குறுஞ்செய்தி அல்லது வங்கிக் கூற்று, பார்சலின் தொடர் இலக்கம். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். எனக்கு அது பூட்டிக் கிடந்தது, வங்கிக்கு ஒரு நடை போனது.

பெயர் விடயத்தில் கவனம். நான் வீட்டில் கூப்பிடும் பெயரில் ஓடர் போட்டுவிட்டேன். பார்சல் எடுக்கப் போன இடத்தில் அந்தப் பெயரில் அடையாள அட்டை கேட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சி சொல்ல வைக்கவா முடியும்? பில்லையும் மின்னஞ்சலையும் அச்சடித்துக்கொண்டு மறுபடி போய்த்தான் எடுத்தேன். முதலெழுத்துக்கள் உட்பட அடையாள அட்டையில் உள்ளபடியே ஆங்கிலத்தில் எழுதுங்கள். நகரத்துக்குத் தபால் குறியீடு 31000. தொலைபேசி இலக்கத்தையும் முகவரியோடு சேருங்கள்.

சுங்கத்தில் இப்படியான அளவு மாதிரிகள் விளையாட்டுப் பொருள்களின் 9503 என்ற தலைப்பின் கீழ் வரும். விற்பவரிடம் அந்த எண்ணையும் உண்மையான விலையையும் உறையில் எழுதச் சொல்லுங்கள். "அன்பளிப்பு" என்று போட்டு விலையைக் குறைக்கச் சொல்லும் கெட்டித்தனம் வேண்டாம். அது சட்டப்படி பிழை, சந்தேகம் வந்தால் பார்சல் அங்கேயே கிடக்கும். 2024 தொடக்கம் பெறுமதி சேர் வரியே 18 வீதம், மற்றவையும் சேரும். பொருள் விலையில் பாதிக்குக் கொஞ்சம் கூட வரிக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டே நான் இப்போது ஓடர் போடுகிறேன். குறைவாக வந்தால் இலாபம்.

இன்னொன்று: ஸ்பிரே, தின்னர், சில பசைகள் தீப்பற்றக்கூடியவை, விமானத் தபாலில் வராது. அவற்றை இங்கேயே வாங்க வேண்டும். வாகனப் பெயிண்ட் விற்கும் கடைகளில் சாம்பல் நிறப் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஸ்பிரே கிடைக்கும்.

4. செலவும் நாட்களும்

என் கொப்பியில் எழுதி வைத்த கணக்கு, ரூபாவில்: கிட் 3,600, தபால் 1,200, வரியும் கட்டணமும் 1,900, குறடு முதலான கருவிகள் 2,400, பலகையும் ரிஜிபோமும் (பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை நுரைத் தகடு) 1,500, பிரைமரும் பெயிண்டும் 2,800, பசைகள் 700, தண்ணீர் போலக் காட்ட ஊற்றும் எபொக்சி ரெசின் 3,500. மொத்தம் 17,600. எபொக்சிக்குப் பதில் வார்னிஷ் பாவித்திருந்தால் மூவாயிரம் மிஞ்சியிருக்கும். உங்களுக்கு விலைகள் மாறலாம், எது எதற்குச் செலவு வரும் என்பது மாறாது.

பார்சல் வர எனக்கு ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் வயலைச் செய்யுங்கள், ஆனால் சக்கரத்தின் அளவு கைக்கு வந்த பிறகு. பெயிண்டுக்கும் ரெசினுக்கும் ஐப்பசி முதல் தை வரை தவிர்ப்பது நல்லது. அந்த மழை ஈரத்தில் எதுவும் காயாது, ஸ்பிரே அடித்தால் வெள்ளை பூத்துவிடும். ஆனி, ஆடி நல்லது. ஆனால் கச்சான் காற்று அடிக்கிற நேரம் முற்றத்தில் வைத்து ஸ்பிரே அடித்தால் ஊர்ப் புழுதி முழுக்க உங்கள் மிசினில். காற்று எழும்பாத காலை நேரத்தில் வேலையை முடித்துவிடுங்கள்.

5. அடிப் பலகை

12 மி.மீ. பிளைவுட் எடுங்கள். எம்.டி.எப். (மரத்தும்பை அழுத்திச் செய்த பலகை) மலிவு, ஆனால் எங்கள் ஈரக் காற்றில் ஊதி வளைந்துவிடும். பலகையின் அடியிலும் ஓரங்களிலும் முதலே வார்னிஷ் பூசுங்கள். மேலே ஒரு அங்குல ரிஜிபோமை வெள்ளைப் பசையால் ஒட்டி, ஒரு இரவு புத்தகங்களை மேலே அடுக்கி வையுங்கள். கெமிஃபிக்ஸ் மாதிரி மரப்பசை எல்லா ஹாட்வெயாரிலும் இருக்கும்.

இப்போது கத்தியால் வயலைக் கீழே இறக்கி, வரம்பை மேலே விடுங்கள். வரம்பை அடிமட்டம் வைத்து நேராக வெட்டாதீர்கள். நிஜ வரம்பு கால்பட்டு ஒரு பக்கம் தேய்ந்து, மறு பக்கம் மண்வெட்டியால் செதுக்கி இருக்கும். வக்கடையை மறக்கவேண்டாம். வரம்பில் ஒரு விரல் அகல வெட்டு, அதில் ஒரு மண்கட்டி பாதி அடைத்தபடி. தண்ணீர் ஒரு வயலில் இருந்து அடுத்ததற்குப் போகிறது என்பதை அந்த ஒரு வெட்டுத்தான் சொல்லும். பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் விரலை வைத்துக் காட்டியது மிசினை அல்ல, அந்த வக்கடையை.

மிகப் பெரிய எச்சரிக்கை இங்கே. ரிஜிபோமின் மேல் நேரே ஸ்பிரே அடிக்காதீர்கள். நான் அடித்தேன். கண் முன்னாலேயே வயல் கிணறாகிப் போனது. தின்னர் கலந்த எதுவும் அதைக் கரைத்துவிடும், சுப்பர் குளூவும் அரிக்கும். முதலில் மரப்பசையோடு மண் கலந்து ஒரு கனமான பூச்சு பூசி, முற்றாகக் காய விட்டு, அதற்கு மேல்தான் மற்றதெல்லாம். நிறத்துக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் போதும்.

6. மண், நெல், தண்ணீர்

கடற்கரை மணல் வாசலில் கிடக்கிறது என்று எடுக்காதீர்கள். அதில் உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் துருவாக்கும். அதோடு, அரை மில்லிமீற்றர் மணல் 1:32 இல் 16 மி.மீ. சரளைக் கல். வயல் களிமண்தான் வேண்டும். வயல்காரரிடம் கேட்டு ஒரு சிரட்டை மண் எடுத்து, வெயிலில் காயவைத்து, இடித்து, தேயிலை வடியில் அரித்து, பழைய தாச்சியில் பத்து நிமிடம் வறுங்கள். வறுக்காவிட்டால் உள்ளே இருக்கிற முட்டை, புழு எல்லாம் மழை காலத்தில் உயிர்பெறும். ஒட்டுவதற்கு மரப்பசைக்குச் சமபங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. அந்தத் துளி இல்லாவிட்டால் பசை மண்ணுக்குள் இறங்காமல் மேலே உருண்டு நிற்கும். மாப்பசை காய்ச்சிப் பாவிக்காதீர்கள், எறும்பும் கரப்பானும் வயலை அறுவடை செய்துவிடும்.

நெல்லுக்கு நான் பல வழி பார்த்தேன். சாக்கு நூல் பிசிறு விடும். பெயிண்ட் தூரிகையின் மயிர் நேராக நிற்கும், விலை கூட. கடைசியில் கை கொடுத்தது வீட்டுத் தும்புத்தடி. ஏழெட்டுத் தும்பை ஒரு நூலால் கட்டி, 28 மி.மீ. உயரத்துக்கு வெட்டி, அடியைப் பசையில் தோய்த்து, ஈர்க்கால் குத்திய துளையில் செருகுங்கள். நுனியை விரலால் நீவி ஒரு பக்கம் வளைத்தால் கதிர் தலைசாய்த்த மாதிரி வரும். அக்ரிலிக் பச்சையில் கொஞ்சம் மஞ்சள் கலந்து, நுனிக்கு மட்டும் காவி. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எனக்கு இரண்டு மாலை எடுத்தது, அதனால்தான் பலகையைச் சிறிதாக எடுக்கச் சொன்னேன்.

வரிசையாக நடாதீர்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் விதைப்புத்தான், நாற்று நடுகை குறைவு. ஆகவே ஓரிடம் அடர்த்தி, ஓரிடம் ஐது. வரிசை பிடித்தால் பார்க்கிறவர்கள் "இது எந்த நாட்டு வயல்?" என்று கேட்பார்கள். அதே போலப் பருவ ஒழுங்கையும் பாருங்கள்: உழுகிற மிசினையும் விளைந்த நெல்லையும் ஒரே துண்டில் வைக்க முடியாது. மிசின் வேண்டும் என்றால் சேறு. விளைந்த நெல் வரம்புக்கு அப்பால் இருக்கிற அடுத்த வயலில் வந்தால்கூடக் கமக்காரர்கள் சிரிப்பார்கள். நான் உழவையே எடுத்தேன், நெல்லை அடுத்த பலகைக்கு வைத்துவிட்டேன்.

வைக்கோல் போர் வைக்க ஆசைப்பட்டு நிஜ வைக்கோலை நுணுக்கி அடுக்கி, மதிலில் காயவைத்தேன். கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து போரைத் தின்றுவிட்டுப் போனது. திருமலைக்காரருக்கு இது நம்பக்கூடிய கதைதான்.

தண்ணீருக்கு இரண்டு வழி. சேற்று வயலுக்கு மினுமினுப்பு வார்னிஷ் ஐந்தாறு பூச்சு, ஒவ்வொன்றும் ஒரு நாள் காய்ந்த பிறகு. அடியில் மண்பூச்சு முழுமையாக மூடியிருக்க வேண்டும். தெளிந்த வாய்க்காலுக்கு எபொக்சி ரெசின்: பலகையின் ஓரத்தை டேப்பால் இறுக்கி அடைத்து, போத்தலில் சொன்ன விகிதத்தில் தராசில் நிறுத்துக் கலந்து, 3 மி.மீ. தடிப்புக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றாமல், 24 மணித்தியாலம் தொடாமல் விடுங்கள். கண்மதிப்பில் கலந்தால் கடைசிவரை பிசுபிசுக்கும்.

கடற்கரையில் பைபர் படகு திருத்துகிறவர்களிடம் ரெசின் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அது பொலியெஸ்டர் ரெசின், வேறு சாதி. மணம் வீட்டை விட்டு மூன்று நாள் போகாது, ரிஜிபோமையும் கரைக்கும். வேண்டாம்.

7. தகட்டுக் கிட்டைப் பூட்டுதல்

பக்கவாட்டில் தட்டையாக வெட்டும் சின்னக் கட்டர் ஒன்று, நோஸ் பிளையர் இரண்டு, ஒரு ட்வீசர். பிளையரின் உள்பக்கத்தில் பல் இருந்தால் டேப் சுற்றுங்கள், இல்லாவிட்டால் தகட்டில் பல்லுப் பதியும். கீழே வெள்ளைத் துவாய் விரித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்துபோய் மின்விசிறியை நிற்பாட்டுங்கள். வியர்க்கும், என்ன செய்வது. நான் நிற்பாட்டவில்லை. ஸ்டியரிங் பறந்து அலுமாரிக்குப் பின்னால் போய், தீபாவளிக்கு வீடு கூட்டும்போதுதான் வந்தது.

எல்லாத் துண்டையும் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். படத்தில் அந்தப் படிக்குத் தேவையானதை மட்டும். காதுகளைத் திருப்புவதா மடிப்பதா என்று படத்தில் குறி இருக்கும்: வெளியே தெரியும் இடத்தில் மடியுங்கள், உள்ளே மறையும் இடத்தில் திருப்புங்கள், திருப்பியதுதான் இறுக்கமாக நிற்கும். ஒரு காதை முன்னும் பின்னும் இரண்டு தடவை வளைத்தால் மூன்றாவது தடவை கையோடு வரும். அதனால் முதலில் செருகிப் பார்த்து, சரி என்றால் மட்டும் மடியுங்கள்.

சக்கரம்தான் கடினம். நீளத் துண்டை வட்டமாக்கக் கையால் வளைத்தால் முழங்கை மாதிரி உடைந்து உடைந்து நிற்கும். துளைபோடும் பிட்டின் மொட்டைப் பக்கத்தில் வைத்து, மெல்ல உருட்டி, பிறகு கொஞ்சம் பெரிய பேனாத் தண்டுக்கு மாற்றுங்கள். தேவையான வட்டத்தைவிடச் சற்றுச் சின்னதாகச் சுருட்டினால் விட்டதும் தானாக விரிந்து சரியாக உட்காரும். தகட்டின் ஓரச் சட்டத்தில் ஒரு கீற்றை வெட்டி முதலில் அதில் பழகுங்கள், அது எப்படியும் குப்பைக்குத்தான் போகும்.

காது முறிந்தால் சுப்பர் குளூவை ஊசி நுனியில் தொட்டு வையுங்கள். நேரே குழாயில் இருந்து விட்டால் சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்து பளபளப்பு போய்விடும். கண்ணில் படும் இடத்துக்கு அரல்டைட் நல்லது.

உழவுக் காட்சி என்றால் பின்சக்கரத்துக்குப் பதில் இரும்புக் கூட்டுச் சக்கரம் வேண்டும். நான் பார்த்த எந்தக் கிட்டிலும் அது இல்லை. மெல்லிய கட்டுக்கம்பியில் இரண்டு வளையம், இடையில் குறுக்குத் துண்டுகள், அரல்டைட். அரை நாள் வேலை, ஆனால் அது இல்லாத மிசின் ஷோரூமில் நிற்கிற மிசின்.

8. பெயிண்ட்

உலோகத்தில் பெயிண்ட் நிற்காது, பிரைமர் நிற்கும், பிரைமரில் பெயிண்ட் நிற்கும். பூட்டிய மிசினைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அதன் பிறகு விரலால் தொடாமல், 25 செ.மீ. தூரத்தில் இருந்து மெல்லிசாக இரண்டு தடவை பிரைமர். மறுநாள் சிவப்பு. கடையில் வாங்கிய சிவப்பை அப்படியே அடிக்காமல் ஒரு துளி வெள்ளையும் காவியும் கலவுங்கள், வெயிலில் வெளுத்த நிறம் வரும். கடைசியில் வயலுக்கு அரித்த அதே மண்ணைப் பசைத் தண்ணீரில் குழைத்துச் சக்கரத்திலும் மட்கார்டின் அடியிலும் அப்புங்கள். வேறு மண் எடுத்தால் நிறம் காட்டிக்கொடுக்கும்.

9. வைக்கும் இடம்

திறந்து வைத்தால் ஒரு மாரியில் உப்பும் தூசும் படிந்துவிடும். மீன் தொட்டி செய்கிற கடையில் அளவு கொடுத்தால் மூன்று நாலு நாளில் கண்ணாடி மூடி ஒட்டித் தருவார்கள். உயரத்தை அளக்கும்போது மிசினின் புகைக்குழாய்க்கு மேல் இரண்டு அங்குலம் விடுங்கள், நான் விடவில்லை, இப்போது என் மிசினுக்குப் புகைக்குழாய் பாதிதான். மூடியை வைப்பதற்கு முன் பலகை இரண்டு வாரம் காயட்டும். ஈரத்தோடு மூடினால் உள்ளே கண்ணாடி வியர்த்து, வரம்பில் உண்மையான பூஞ்சணம் வரும். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பைகள் இரண்டைக் கண்ணில் படாத மூலையில் ஒளித்து வையுங்கள். மாரியில் மாதம் ஒருமுறை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தால் சரி.